மண்ணையும் நீரையும் காக்கக் கற்பிக்கும் சிறிய கல்லூரிகள்



மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் நடைபெறும் ஆலோசனைகளைத் தாங்கள் நன்கறிவீர்கள். மருத்துவம் கிடைக்குமா, பொறியியல் கிடைக்குமா, வெளிநாட்டு வேலைக்கு எந்தப் படிப்பு உதவும் என்னும் மூன்று கேள்விகளையே பேச்சு சுற்றிச் சுற்றி வரும். அவ்வேளையில் ஒரு பிள்ளை எழுந்து, "மண்ணையும் நீரையும் காட்டையும் காப்பது எப்படி என்று படிக்க விரும்புகிறேன்" என்று சொன்னால், வாப்பாவும் உம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். "அதற்கும் ஒரு படிப்பா? அதைக் கற்றவன் எங்கே போய் வேலை செய்வான்? அதுவும் பெயர் தெரியாத ஒரு சிறிய கல்லூரியிலா?" என்று கேட்பர்.

இக்கேள்விகள் நியாயமானவையே. பிள்ளையின் நான்காண்டுக் காலமும் குடும்பத்தின் சேமிப்பும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே அப்படிப்பு எத்தகையது, அது சிறிய கல்லூரிகளில் எவ்வாறு வளர்ந்தது, அக்கல்லூரிகள் இன்று ஏன் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன என்பவற்றைச் சற்றே நிதானமாக நோக்குவோம்.

காப்பது என்றால் பூட்டிவைப்பதா?

இயற்கை வளப் பாதுகாப்பு என்றவுடன் காட்டைச் சுற்றி வேலி போட்டு ஒருவரையும் உள்ளே விடாதிருப்பதே அது என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. தென்னந்தோப்பு வைத்திருப்பவர் காயைப் பறித்து விற்பார். மரத்தை வெட்டி விற்கமாட்டார். ஓர் ஆண்டில் காடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு மரமே எடுப்பது, மழை எவ்வளவு நிரப்புகிறதோ அவ்வளவு நீரே இறைப்பது, மீன் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவே பிடிப்பது என்பதே இக்கல்வியின் அடிப்படை. நம் கையில் உள்ளது நமக்குப் பின்வருவோருக்கும் உரிய அமானிதம் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. ஆனால் எண்ணம் மட்டும் போதாது; அளக்கத் தெரியவேண்டும். எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு நிரம்புகிறது, எவ்வளவு பெருகுகிறது என்பதை அளந்து சொல்வதுதான் கடினம். அதற்குத்தான் படிப்பு.

ஓர் உதாரணம் காணுங்கள். ஓர் ஏரியில் எத்தனை மீன்கள் உள்ளன என்பதை எவ்வாறு அறிவது? நீரை வற்றச் செய்து எண்ண முடியாது. மாணவர்கள் வலை வீசி 50 மீன்களைப் பிடித்து, அவற்றின் உடலில் சிறிய அடையாளம் பொருத்தி மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். சில நாள் கழித்து மறுபடி வலை வீசுகின்றனர். 40 மீன்கள் கிடைக்கின்றன. அவற்றுள் 10 மீன்களில் அடையாளம் காணப்படுகிறது. பிடிபட்டவற்றில் நாலில் ஒரு பங்கு அடையாளமுள்ளவை என்றால், ஏரியிலுள்ள எல்லா மீன்களிலும் நாலில் ஒரு பங்கே அந்த 50 என்று கொள்ளலாம். எனவே ஏரியில் ஏறத்தாழ 200 மீன்கள் உள்ளன. எவ்வளவு எளிய கணக்கு! ஆயினும் இடையில் மீன்கள் வெளியேறவில்லை, அடையாளம் கழன்று விழவில்லை, அடையாளமிட்டவை மற்றவற்றோடு நன்கு கலந்துவிட்டன என்பன உறுதியானால்தான் கணக்கு சரியாகும். இதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். வலை எங்கே கிழியும், மீன் எங்கே ஒளியும், கணக்கு எங்கே பிழைக்கும் என்பவற்றையோ நீரில் இறங்கினால்தான் கற்கமுடியும்.

மற்றப் பாடங்களும் இத்தகையனவே. மண்ணில் குழி தோண்டி அதன் அடுக்குகளைப் பார்க்கவேண்டும். ஈரமண்ணை விரல்களுக்கிடையே தேய்த்து அது மணலா, களியா என்று சொல்லவேண்டும். மரத்தின் பருமனைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளக்கவேண்டும். மெல்லிய துளைப்பான் ஒன்றைச் செலுத்தி, மரத்தை வெட்டாமலே பென்சில் தடிமனுள்ள ஒரு துண்டை உருவி, வளையங்களை எண்ணி வயதறிய வேண்டும். ஓடையில் கற்களைப் புரட்டி, அவற்றினடியில் எவ்வகைப் புழுபூச்சிகள் வாழ்கின்றன என்று பார்த்து நீரின் தூய்மையை உணரவேண்டும். இவற்றோடு சட்டமும் படிக்கவேண்டும், பேசவும் பழகவேண்டும். ஏனெனில் காடும் நிலமும் யாரோ ஒருவருக்கு உரியவை. உரியவரை இணங்கச் செய்யாமல் எதையும் காக்க முடியாது.

நம் நாட்டுத் தேக்கிலிருந்து அமெரிக்கக் காட்டிற்கு

இக்கல்வி அமெரிக்காவில் வேரூன்றிய வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. தீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் 1856-இல் பர்மாவின் பெகு பகுதிக்கு வந்து, கண்டபடி வெட்டப்பட்டு வந்த தேக்குக் காடுகளைக் கணக்கிட்டு வெட்டும் முறையை ஏற்படுத்தினார். 1864-இல் இந்தியக் காடுகளின் தலைமை அதிகாரியானார். டேராடூனில் 1878-இல் வனப்பள்ளி தோன்றியதும், சென்னை மாகாணத்திற்கு 1882-இல் வனச்சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். அச்சட்டம் காட்டோரக் குடிகளின் உரிமைகளைக் குறுக்கியது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பிய பிராண்டிஸ், வனவியல் மாணவர்களை அங்குள்ள காடுகளுக்கு அழைத்துச் சென்று நடந்தபடியே பாடம் சொன்னார். அப்பயணங்களில் அவருக்கு உதவியாக இருந்த இளைஞர் கார்ல் ஷென்க். இந்த ஷென்க்தான் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திற்குச் சென்று, வாண்டர்பில்ட் என்னும் செல்வரின் காட்டு நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பேற்று, 1898-இல் அங்கேயே பில்ட்மோர் வனப்பள்ளியைத் தொடங்கினார். அந்நாட்டில் வனவியல் கற்பிப்பதற்கென எழுந்த முதற்பள்ளி அது. காலையில் பாடம், பிற்பகலில் ஆசிரியரும் மாணவரும் குதிரைமீதேறிக் காட்டிற்குள் செல்வர். காலையில் கேட்டதை மாலையில் கண்ணால் காண்பர்.

அப்பள்ளி 1913-இல் மூடப்பட்டது. பதினைந்தே ஆண்டுகள், ஏறத்தாழ முந்நூறு மாணவர்கள். எண்ணிக்கையால் பார்த்தால் ஒரு பெரிய கல்லூரியின் ஓராண்டுச் சேர்க்கைக்குக்கூட அது ஈடாகாது. ஆயினும் அமெரிக்க வனப்பணியின் முதல் தலைமுறையினருள் பலர் அங்கிருந்தே வந்தனர். அந்த நிலத்தின் பெரும்பகுதி பின்னர் அரசின் தேசியக் காடாயிற்று. பள்ளி இருந்த இடத்தை 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வனவியலின் தொட்டில் என்று சட்டமியற்றிப் போற்றியது.

ஒற்றுமை என்னும் பெயருடைய ஊர்

பில்ட்மோருக்குப் பின் வந்த சிறிய கல்லூரிகளுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம் உண்டு. அதன் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு அளவு காடு. அக்காட்டில் மிகப் பெரும்பகுதி தனியாருக்கு உரியது. அங்கே யூனிட்டி என்றொரு சிற்றூர். ஆங்கிலத்தில் அப்பெயருக்கு ஒற்றுமை என்று பொருள். ஊர் மக்கள் சிலர் கூடி, தங்கள் ஊர் தேய்ந்து போகாதிருக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று தீர்மானித்து, முன்பு கோழிப்பண்ணையாக இருந்த நிலத்தில் 1965-இல் அதனை நிறுவினர். முதல் வகுப்பில் சேர்ந்தவர் நாற்பது பேர்கூட இல்லை.

தொடக்கத்தில் அது பொதுவான கலைக்கல்லூரியே. சுற்றிலும் காடும் ஏரியும் வயலும் இருக்க, காலப்போக்கில் அவையே அதன் பாடங்களாயின. காட்டுயிர், மீன்வளம், வனவியல் ஆகியவற்றோடு, காட்டுச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் காவல்பணிக்கும் அங்கே தனிப் பட்டப்படிப்பு இருந்தது. அங்கே பயின்றவர்கள் வேட்டைக் கட்டுப்பாட்டு அலுவலர்களாகவும் பூங்காக் காவலர்களாகவும் பணியில் அமர்ந்தனர். மாநில வனவிலங்குத் துறையோடு இணைந்து கருங்கரடிகளை உயிருடன் பிடித்து, அளந்து, வானொலி அலைகளை எழுப்பும் கழுத்துப்பட்டி பூட்டி விடுவிக்கும் ஆய்விலும் பட்டப்படிப்பு மாணவர்களே ஈடுபட்டனர். பெரிய பல்கலைக்கழகங்களில் இத்தகைய வாய்ப்பு பெரும்பாலும் ஆய்வுப் பட்ட மாணவர்க்கே வாய்க்கும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

கூரைமீது ஒரு பாடம்

அக்கல்லூரியைப் பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு. 1979-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், வெள்ளை மாளிகையின் கூரைமீது வெந்நீருக்கான 32 சூரியவெப்பத் தகடுகளை அமைத்தார். ஒரு தலைமுறை கழித்து இவை பயன்மிக்க முயற்சியின் தொடக்கமாகவும் கருதப்படலாம், அருங்காட்சியகப் பொருளாகவும் ஆகிவிடலாம் என்னும் கருத்தை அவரே அன்று வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ரீகன் ஆட்சியில், 1986-இல், கூரையைப் பழுதுபார்க்கும்போது தகடுகள் இறக்கப்பட்டன, மீண்டும் ஏற்றப்படவில்லை. அரசுக் கிடங்கொன்றில் தூசி படிந்து கிடந்தன.

யூனிட்டிக் கல்லூரியினர் இச்செய்தியறிந்து 1991-இல் அரசிடம் கேட்டு அவற்றைப் பெற்றனர். இருக்கைகளை அகற்றிய பழைய பேருந்தொன்றில் அவற்றை ஏற்றிவந்து, பழுது நீக்கி, பாதியளவைக் கல்லூரி உணவுக்கூடத்தின் கூரையில் பொருத்தினர். நாட்டின் தலைவர் மாளிகையில் வேண்டாதவையாகிவிட்ட தகடுகள், ஒரு சிற்றூர்க் கல்லூரியின் பாத்திரங்களைக் கழுவப் பல ஆண்டுகள் வெந்நீர் தந்தன! பயன்காலம் முடிந்த பின்னர் அவற்றுள் சில அருங்காட்சியகங்களுக்கும், ஒன்று சீனாவிற்கும் சென்றன. 2010-இல் மாணவர்கள் சிலர் அத்தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் நகருக்கே சென்று, மீண்டும் கூரையில் ஏற்றுங்கள் என்று வேண்டினர். அன்று அத்தகட்டை அரசு ஏற்கவில்லை. எனினும் 2013-இல் வெள்ளை மாளிகையின் கூரையில் புதிய சூரியத் தகடுகளை அமைக்கும் பணி தொடங்கியது.

இவ்வரலாற்றைக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே படித்த மாணவர் ஒருவருக்கு எரிபொருள் சிக்கனம் என்பது நூலில் உள்ள ஓர் அத்தியாயமாக மட்டும் இருக்கவில்லை. தாம் உண்ட தட்டு எந்த வெந்நீரில் கழுவப்பட்டது, அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

சிறியதாயிருப்பதன் நன்மை

அதே மெய்ன் மாநிலத்தின் கடலோரத்தில், பார் ஹார்பர் என்னும் ஊரில், அட்லாண்டிக் கல்லூரி இருக்கிறது. 1969-இல் நிறுவப்பட்டு, 1972-இல் 32 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. இன்றும் மாணவர் தொகை சில நூறுதான். அங்கே துறைகள் இல்லை, ஒரே பட்டம்தான். மனிதனுக்கும் அவன் வாழும் சூழலுக்கும் உள்ள உறவே அப்பட்டத்தின் பொருள். அக்கல்லூரியினர் தொடக்கம் முதலே படகேறிச் சென்று திமிங்கிலங்களின் வால்களைப் படம் பிடித்து வருகின்றனர். கூனல் திமிங்கிலத்தின் வாலின் அடிப்புறத்திலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலம், மனிதரின் கைரேகை போன்று ஒவ்வொன்றிற்கும் வேறுபடும். அவ்வாறு தொகுத்த படங்களால் ஆயிரக்கணக்கான திமிங்கிலங்கள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. ஒரு கடலில் கண்டதே மற்றொரு கடலிலும் காணப்படுகிறது என்பது தெரியவந்தது. ஒரு சிறிய கல்லூரியின் பொறுமையால் உலகிற்குக் கிடைத்த அறிவு இது.

ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் அமர்த்தி, அவர் வாயால் பாடம் கேட்டுப் பிழை திருத்தும் முறையின் அருமையை நம் மதரஸாக்கள் அறியும். மண்ணையும் மரத்தையும் கற்பதற்கும் அம்முறையே ஏற்றது. பறவையின் குரலைத் தவறாகக் கேட்கும் மாணவரை அந்த இடத்திலேயே திருத்தவேண்டும். ஒரே ஓடையை நான்காண்டுகள் பார்த்தவருக்குத்தான் அதில் என்ன மாறிற்று என்று சொல்லமுடியும். முந்நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் இவ்விரண்டும் இயலா.

ஏன் மூடப்படுகின்றன?

இவ்வளவு நன்மை இருந்தும் இக்கல்லூரிகள் நிலைக்கவில்லை என்பதே வருத்தத்திற்குரிய செய்தி. வெர்மான்ட் மாநிலத்தில் 1834-இல் தோன்றி, பின்னாளில் சுற்றுச்சூழல் கல்விக்குப் பெயர்பெற்ற கிரீன் மவுண்டன் கல்லூரி 2019-இல் மூடப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்த நார்த்லாண்ட் கல்லூரியும் 2025-இல் மூடப்பட்டது. யூனிட்டிக் கல்லூரியோ வேறு வழியைத் தேர்ந்தது. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பணியாளர் பலரைக் குறைத்து, வளாகத்தை விற்பது குறித்தும் ஆராய்வதாக அறிவித்தது. பின்னர் தொலைவிலிருந்தே கணினி வழியாகப் படிக்கும் முறையைப் பெருக்கி, 2023-இல் பல்கலைக்கழகமெனப் பெயர் மாற்றிக்கொண்டு, தலைமையிடத்தையும் வேறு ஊருக்கு மாற்றியது. இன்று அதன் மாணவர் தொகை பல ஆயிரம். யூனிட்டி ஊரில் தங்கிப் படித்தவர் தொகையோ ஒருகாலத்தும் ஆயிரத்தை எட்டியதில்லை.

காரணம் கணக்கில்தான் இருக்கிறது. அங்குள்ள தனியார் சிறிய கல்லூரிகள் பெரும்பாலும் மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடப்பவை. ஐம்பது பேர் குறைந்தால் வருமானம் குறையும். கூரையைப் பழுதுபார்க்கும் செலவும், குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும், ஆசிரியர் ஊதியமும் குறையா. பெரிய நிதி மூலதனம் இல்லாத கல்லூரி இரண்டு மூன்று மோசமான ஆண்டுகளைத் தாங்காது. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்னும் சிறப்பே அதன் பெருஞ்செலவுமாகும்.

இதில் இரு தரப்பு நியாயங்களும் உள்ளன. தொலைவழிக் கல்வியால், வேலைக்குச் செல்வோரும் குடும்பப் பொறுப்புள்ள பெண்களும் வீட்டிலிருந்தே பயில முடிகிறது, செலவும் குறைகிறது. அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் சட்டத்தையும் கணக்கையும் திரையில் கற்கலாம். ஈரமண்ணை விரலால் உணர்வதைத் திரையில் கற்க முடியுமா? கற்பவர் தம் ஊரின் ஓடைக்காவது தவறாமல் சென்று அளந்து வந்தால் அக்குறை ஓரளவு நிரம்பும். செல்லாவிட்டால் பட்டம் மட்டுமே மிஞ்சும்.

நம் பிள்ளைகளுக்கு

இக்கல்விக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. கோவையில் 1912-இலேயே வனக்கல்லூரி தோன்றிவிட்டது. அது வனத்துறை அலுவலர்க்குரிய பயிற்சியிடம். மேல்நிலை முடித்த பிள்ளைகளுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. வனவியலில் இளநிலைப் பட்டம் தருகிறது. உதகை அரசு கலைக்கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் உண்டு. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியும் அத்துறைக்கு அறியப்பட்டது. மீன்வளம் பயில விரும்புவோர்க்குத் தூத்துக்குடியில் 1977 முதல் கல்லூரி இருக்கிறது. வனவியல், வேளாண்மை, தாவரவியல், விலங்கியல் போன்ற பட்டம் பெற்றோர் மத்திய அரசின் இந்திய வனப்பணித் தேர்வை எழுதலாம். மாநில வனத்துறைத் தேர்வுகளும் உண்டு.

ஆயினும் பெற்றோர்களே, உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். இடங்கள் குறைவு, தேர்வுகள் கடினம், ஊதியம் மெதுவாகவே உயரும். செல்வத்தை விரைந்து சேர்க்க எண்ணுவோருக்கு இது வழியன்று.

எந்தக் கல்லூரியைத் தேர்ந்தாலும், கட்டடத்தின் உயரத்தைப் பாராமல் சில கேள்விகளைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் மாணவர்கள் வெளியே சென்று அளக்கின்றனர்? ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர்? கல்லூரி ஏதேனும் ஒரு குளத்தையோ காட்டையோ ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து ஏடு வைத்திருக்கிறதா? பெண்பிள்ளைகள் களத்திற்குச் செல்லும்போது யார் உடன் செல்கிறார், எங்கே தங்குகின்றனர்? சென்ற ஐந்தாண்டுகளில் பயின்றவர் இன்று எங்கே பணியாற்றுகின்றனர்? கல்லூரியின் நிதிநிலை உறுதியானதா? இறுதிக் கேள்வியைக் கேட்கக் கூசாதீர்கள். இடையில் மூடப்பட்ட கல்லூரியின் மாணவர் படும் அல்லல் பெரிது.

பிள்ளைக்கு இதில் உண்மையான நாட்டம் உண்டா என்பதை அறிய ஒரு வழி சொல்வோம். வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் ஒரே தேதியில் கயிறு விட்டு அளந்து ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். கிணறு இல்லையேல், பள்ளிவாசல் ஹவ்ழுக்கு நாள்தோறும் எவ்வளவு நேரம் நீர் ஏற்றப்படுகிறது என்பதை நிர்வாகிகளின் இசைவு பெற்றுக் குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே மழை பெய்த நாள்களையும் எழுதட்டும். ஓராண்டு முடிந்து, ஒருவரும் நினைவூட்டாமலே பன்னிரண்டு மாதக் கணக்கும் அந்த ஏட்டில் இருந்தால், அப்பிள்ளையின் விருப்பத்திற்குக் குறுக்கே நில்லாதீர்கள்.